உட்காராமல் வாங்கிய நாற்காலி

படுத்துத் தூங்குகிற காலம் எனக்கு முடிந்துபோனது. தலையணையில் தலை சாய்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம், நனைந்த மூட்டையை யாரோ மார்பின் மேல் இறக்கிவைத்த மாதிரி மூச்சு முட்டும். டாக்டரம்மா எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு, இதயம் களைத்துப்போயிருக்கிறது, நுரையீரலும் சரியில்லை, இனி சாய்ந்து உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கப் பழகிக்கொள்ளுங்கள் என்றார்.

களைக்காமல் என்ன செய்யும்? துறைமுகத்துக்குள் கூலியாக நுழைந்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. நிலக்கரித் தூசியும் இரும்புத்தாதுத் தூசியும் பறந்த காற்றையெல்லாம் இந்த மார்புதான் இழுத்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ராயபுரத்தில் சொந்த வீடு கட்டினேன், கடை வைத்தேன், பிள்ளையை இன்ஜினியருக்குப் படிக்கவைத்தேன். எதையும் எவனும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போடவே நாற்பது வயதில்தான் ஒழுங்காகக் கற்றேன். இன்றைக்கு இதை நானே எழுதுகிறேன் என்றால் அதுவும் என் சொந்தச் சம்பாத்தியம்தான்.

இத்தனையும் செய்தவனுக்கு ஒரு தூக்கம் கிடைக்கவில்லை. சில மாதங்கள் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, பின்னால் தலையணை வைத்து ஓட்டினேன். கழுத்து தொங்கும். விழித்தால் தோள் கல்லாகக் கனக்கும். நான் விழிக்கும்போதெல்லாம் என் மனைவியும் விழிப்பாள். விடிந்தால் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காப்பி குடிப்போம்.

எனக்கு வேண்டியது இரண்டுதான். நல்ல தூக்கம் ஒன்று. உட்கார்ந்த இடத்திலிருந்து யார் கையையும் பிடிக்காமல் நானே எழுந்திருப்பது இன்னொன்று. மாத்திரையில் நீர் பிரிகிற மாத்திரையும் உண்டு. அது வேலை செய்தால் உடனே எழுந்து போயாக வேண்டும். பிள்ளையைக் கூப்பிட்டுக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குப் போகிற நாள் வரக்கூடாது என்பதுதான் என் ஒரே வேண்டுதல். மாதா கோவில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் வேறு எதையும் நான் கேட்பதில்லை.

மகன் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நைனா, இந்த சேரப் பாரு. பட்டனை அமுக்குனா சாயும். இன்னொரு தபா அமுக்குனா உன்ன அப்பிடியே தூக்கி நிறுத்தும்."

"கரென்ட்டு பூட்ச்சின்னா?"

"இன்வெர்ட்டர் கீது நைனா."

"என்னத் தூக்கி நிறுத்த ஒரு மிஷினு. அப்பால சோறு ஊட்ட ஒரு மிஷினு. அது வந்தா நீ வூட்ல இன்னாத்துக்கு?"

"நல்லதுக்குச் சொன்னா பேஜாரு பண்றியே!" என்று செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

நாற்காலி விஷயத்தில் எனக்கு எவனும் வகுப்பெடுக்க முடியாது. நாற்பது வருஷம் நான் செய்த தொழிலே அதுதான். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களில் கழித்துவிடுகிற சாமான்களை மொத்தமாக எடுத்து விற்பேன். மெத்தை, கயிறு, பீங்கான் தட்டு, சமையல் அண்டா, மேசை, நாற்காலி. அவற்றுள் ராஜா, கிளப் சேர் என்று நாங்கள் சொல்லுகிற தோல் நாற்காலி. முதுகும் இரண்டு கையும் ஒரே வளைவாக உருண்டு திரண்டு வரும். உள்ளே ஸ்பிரிங், மேலே தடித்த மெத்தை. பழைய கப்பல்களில் அதிகாரிகள் சுருட்டுப் பிடிக்கிற அறையிலும், அந்தக் காலத்துக் கம்பெனி பங்களாக்களிலும் கிடந்தவை. தெற்கே இருக்கிற பெரிய வீட்டுக்காரர்கள் கார் போட்டுக்கொண்டு, மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, என் கடையைத் தேடி வருவார்கள். எத்தனையோ கிளப் சேர் என் கையால் போயிருக்கிறது. என் வீட்டுக்கு ஒன்றுகூட வந்ததில்லை. விற்கிற சரக்கை வீட்டில் போட்டு அழகு பார்க்கிறவன் தொழில் செய்ய மாட்டான்.

இப்போது தொழில் இல்லை. என் கடை இருந்த இடத்தில் மகன் ஏசி போட்டு, கன்டெய்னர் புக்கிங் ஆபீஸ் நடத்துகிறான். இனிமேல் ஒரு கிளப் சேரை எனக்கென்று எடுத்தால் என்ன என்று தோன்றியது. அந்த மெத்தையில் சாய்ந்தால் தூக்கம் வராமல் எங்கே போகும்?

எங்கள் வரிசைக் கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். நாற்காலி பார்க்க வந்தவன் அதில் உட்கார்ந்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகு விலை குறைக்கவும் மாட்டோம், சரக்கைத் திருப்பி எடுக்கவும் மாட்டோம். உட்கார்ந்தவனின் முகம் இளகிப்போகும். கை தானாகத் தோலைத் தடவும். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன பேரம் பேசுவான்? அதனால் கடைக்கு வந்தவர்களை, "உட்காந்து பாருங்க சார், காசா பணமா" என்று உட்காரவைப்பதுதான் எங்கள் முதல் வேலை. சரக்கு எடுக்க நாங்கள் கப்பலுக்குப் போனால், கால் ஒடிந்தாலும் எதன் மேலும் உட்கார மாட்டோம். நின்றுகொண்டே பார்ப்போம், நின்றுகொண்டே பேசுவோம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் உட்கார்ந்து ஏமாந்ததில்லை. அந்த வரிசையில் இப்படிச் சொல்லக்கூடியவன் நான் ஒருத்தன்தான்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனேன். மகனிடம் சொல்லவில்லை. பழைய வரிசையில் இப்போது மிச்சம் இருப்பது ஒரே கடை, என் கடைக்கு எதிர்க்கடை. அப்பன்காரன் எனக்குப் போட்டியாக இருந்து செத்துப்போனான். மகன்காரன் நடத்துகிறான். அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது.

"வா அண்ணாத்தே! இன்னா, வயி தவறி வந்துட்டியா?"

"கிளப் சேர் வேணும். நல்லதா எதுனா கீதா, இல்ல எல்லாம் கலீஜா?"

"கீது கீது. யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவன் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு உள்ளே விளக்கைப் போட்டான். மூன்று நாற்காலிகள் இருந்தன. முதலாவது தோல் இல்லை, ரெக்சின். விரலால் அழுத்திய உடனே தெரிந்தது. அதை அங்கேயே விட்டேன். இரண்டாவதைப் புரட்டச் சொன்னேன். உள்ளே பழைய திணிப்பை உருவிவிட்டு ஸ்பான்ஜ் அடைத்திருந்தான். மூன்றாவதுதான் சரக்கு. அடியில் சணல் பட்டை பின்னலாக ஓடியது. ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றும் கயிற்றால் கட்டியபடியே இருந்தன. மூக்கை வைத்து முகர்ந்தேன். குதிரை மயிரும் தேங்காய் நாரும் பழைய புகையிலையும் கலந்த வாசனை. ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தேன். மூச்சு இரைத்தாலும் கனம் புரிந்தது. சட்டம் முழுக்கத் தேக்கு. கைப்பிடியில் தோல் வெடித்திருந்தது, கிழியவில்லை.

"கருவாட்டுக் கலர்ல கீது," என்றாள் என் மனைவி. அவள் காசிமேட்டு மீன்காரக் குடும்பத்துப் பெண். எதைப் பார்த்தாலும் அவளுக்கு மீனில்தான் கணக்கு வரும்.

நாற்காலிக் கால்களின் அடியில் ஓட்டை இருந்தது. பித்தளைச் சக்கரத்தைக் கழற்றியிருந்தான். அதைக் காட்டினேன்.

"சக்கரம் எங்கடா?"

"அது தனியா கீது அண்ணாத்தே. தனி வெலை."

"உங்க அப்பன் புத்தி அப்பிடியே வந்துகீது உனக்கு. சக்கரம் வாணாம். அந்தக் கொறைக்கு வெலைய எறக்கு."

பேச்சு நீண்டது. எனக்கு வியர்த்தது. மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது. மனைவி என் முழங்கையைத் தொட்டாள்.

"இந்தாய்யா, ஒரு தபா குந்தித்தான் பாரேன். தூங்கப் போறது நீதானே? புடவை எடுத்தாக்கூட மேல வச்சிப் பாக்குறோம்."

கடைக்காரனுக்கு வாயெல்லாம் பல். "அம்மா சொல்றது கரீட்டு. குந்து அண்ணாத்தே. காசா பணமா?"

"உங்க அப்பனே என்னக் குந்தவைக்கப் பாத்து முடியாம பூட்டான். நீ நேத்து வந்தவன்," என்றேன். மனைவியிடம், "நீ சும்மா இரும்மே, தொழில் பேசிகினு கீறேன்," என்றேன். அவள் வெளியே போய், நிற்கிற டிரெய்லர் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நினைத்த விலைக்கே படிந்தது. கடைசிவரை நின்றுகொண்டே முடித்தேன்.

மறுநாள் மதியம் நாற்காலி வீட்டுக்கு வந்தது. வாசல் கதவைக் கழற்றிவைத்துத்தான் உள்ளே ஏற்ற முடிந்தது. மாதா படத்துக்குக் கீழே, ஜன்னலைப் பார்த்துப் போடவைத்தேன். வண்டிக்காரர்கள் போன பிறகு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

என்ன சொல்ல? உட்கார்ந்தேன் என்பதைவிட, அது என்னை வாங்கிக்கொண்டது என்று சொல்லலாம். இடுப்பு உள்ளே இறங்கியது. முதுகு சாய்ந்தது. இரண்டு பக்கமும் கை தாங்கியது. தலை தொங்க இடமே இல்லை. மார்பின் மேல் இருந்த மூட்டையை யாரோ எடுத்துப்போன மாதிரி இருந்தது. எதிர்வீட்டு டிவி சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

சாயங்கால மணி கோவிலில் அடித்தபோதுதான் விழித்தேன். கழுத்து வலிக்கவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே எழப்போனேன்.

எழ முடியவில்லை.

கையை ஊன்றினேன். கைப்பிடி உருண்டையாக இருந்ததால் பிடி வழுக்கியது. முன்னால் நகரப் பார்த்தேன். ஸ்பிரிங் என்னை மறுபடி பின்னுக்கு இழுத்தது. முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் இருந்தது. சக்கரம் போன அளவுக்கு நாற்காலி தரையோடு இறங்கியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. எதைக் குறையென்று சொல்லி விலையை இறக்கினேனோ, அது என்னையும் சேர்த்து இறக்கிவிட்டது. கவிழ்ந்த ஆமை மாதிரி கையையும் காலையும் ஆட்டிக்கொண்டிருந்தேன். மாத்திரை வேறு தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

"இந்தாம்மே!"

அவள் வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். நான் கொஞ்சம் எழுந்தேன். பிறகு என் கனம் அவளை இழுத்து என் மடியிலேயே போட்டது.

"இந்த வயசுல இன்னாய்யா இது! ஜன்னல் வேற தொறந்து கீது," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவசரம்மே."

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "மேல புள்ள வந்துட்டான். கூப்புடவா?"

"கூப்டாத."

"நனைச்சிக்கப் போறே."

"நனைஞ்சாலும் கூப்டாத."

அவள் என்னையும் நாற்காலியையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் போனாள்.

"படகை எவனாவது மூக்கைப் புடிச்சி இஸ்து மட்டும் கரையேத்துவானா? பின்னாடி தோள் குடுக்கணும்," என்றாள். "நான் ஏலோன்னதும் நீ முன்னாடி சாயி. கையை ஊணாதே. சும்மா சாயி."

குனிந்து, நாற்காலி முதுகின் அடியில் தோளை வைத்தாள். சின்ன வயதில் அண்ணன் தம்பிகளோடு படகு தள்ளிய தோள் அது. ஏலோ என்றாள். பின்கால்கள் தரையை விட்டுக் கிளம்பின. உட்காருமிடம் முன்பக்கம் சரிந்து, என்னை என் இரண்டு காலின் மேல் கொட்டியது. நின்றுவிட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நனையவில்லை.

அவளும் சின்னப் பெண் இல்லை. நான் திரும்பி வந்தபோது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

இதை இப்படியே விடக்கூடாது என்று தீர்மானித்தேன். கப்பலில் சரக்குக்கு அடியில் கொடுக்கிற மரக்கட்டைகள் மகன் ஆபீஸின் பின்பக்கம் இன்னும் கிடந்தன. அவனையே எடுத்துவரச் சொல்லி, நாலு காலுக்கும் கீழே வைக்கச் சொன்னேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. வைத்து முடித்துவிட்டு, "ஏறுறதுக்கு ஏணி எதுனா வேணுமா நைனா?" என்று மட்டும் கேட்டான். உட்கார்ந்து பார்த்தேன். பள்ளம் அதே பள்ளம்தான், இப்போது உயரத்தில் இருந்தது, எழத்தான் முடியவில்லை. பிறகு மெத்தைக்கு அடியில் ஒரு பலகையைச் செருகினோம். எழ முடிந்தது. தனியாக, யார் கையும் படாமல், சுலபமாக எழுந்தேன். ஆனால் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பலகையின் மேல் உட்கார்ந்திருப்பதற்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நான் கேட்ட இரண்டில் ஒன்றைத்தான் அது தரும் போலிருந்தது.

சலித்துப்போய்விட்டது. கடைக்காரனுக்குப் போன் போட்டேன்.

"வந்து தூக்கிகினு போ. எனக்கு வாணாம்."

"இன்னா அண்ணாத்தே, ரூல் தெரியாதா உனக்கு? ரூல் போட்டதே உங்க செட்டுதானே?"

"தெரிஞ்சிதான் சொல்றேன். குந்துனாத்தானே வித்தாச்சு? உன் கடையில நான் குந்துனேனா? எங்க, நீயே சொல்லு."

அந்தப் பக்கம் அவன் சிரிப்பது கேட்டது. "சரியான ஆளுய்யா நீ. வரேன். மத்தியானம் வண்டி எடுத்துகினு வரேன்."

எனக்குத் திருப்தியாக இருந்தது. இந்த வயதிலும் அவனால் என்னை மடக்க முடியவில்லை. கட்டைகளையும் பலகையையும் மகனை எடுத்துவிடச் சொன்னேன். வாங்கியபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் வருகிறபோது நான் அதில் உட்கார்ந்திருக்கக் கூடாது, அதுதான் முக்கியம். மதியச் சாப்பாடு முடித்து வாசல் பக்கம் நின்றேன். அவன் வரவில்லை. போன் போட்டால், எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் மாட்டிக்கொண்டு ஒரு வண்டியும் நகரவில்லை என்றான். மறுபடி நின்றேன். இரண்டு காலும் வீங்கி, தோல் மினுமினுத்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதில் உட்கார்ந்தபடி எதிரே அந்தத் தோல் நாற்காலியைப் பார்த்தேன். ஜன்னல் வெயில் அதன் மெத்தையில் விழுந்திருந்தது. நான் தூங்கிய பள்ளம் அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தேன். வண்டிச் சத்தம் கேட்டால் அவளைக் கூப்பிட்டு எழுந்துகொள்ளலாம்.

வண்டிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பேச்சுச் சத்தம்தான் கேட்டது. தூக்கத்தின் அடியிலிருந்து கேட்டது.

"எயுப்பாதே," என்றாள் என் மனைவி, தாழ்ந்த குரலில். "டீ குடி. கொஞ்சம் நேரம் போவட்டும்."

"வண்டி வாடகை ஏறிகினு கீதும்மா."

"ஏறட்டும். அந்த ஆளு இப்பிடித் தூங்கி எவ்ளோ நாளாச்சு தெரியுமா உனக்கு? குறட்டையைக் கேளு. பயைய குறட்டை. நான் கல்யாணம் கட்டிகினு வந்தப்போ வுட்ட குறட்டை."

கண்ணைத் திறந்தேன். கடைக்காரன் பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். வெயில் ஜன்னலைவிட்டுப் போயிருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி முகங்களை வைத்துத்தானே நாற்பது வருஷம் பிழைத்தேன்.

"அண்ணாத்தே," என்றான், "குந்திட்டியே!"

"குந்திட்டேன்," என்றேன்.

"அப்போ வித்தாச்சு?"

பதில் சொல்வதற்குள் மாத்திரை முந்திக்கொண்டது. வழக்கமாக அது காத்திருக்காது. அவன் இருக்கிறான். வண்டிக்காரன் வாசலில் நிற்கிறான். மாடிப்படியில் மகன் இறங்கி வருகிற செருப்புச் சத்தம் கேட்கிறது. இவன் போகட்டும், அவன் போகட்டும் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று பார்த்தேன். எனக்கு அலுப்பாக இருந்தது. இத்தனை வருஷம் எல்லாவற்றையும் நின்றுகொண்டே செய்த அலுப்பு.

"இந்தாம்மே," என்றேன். "வந்து தோள் குடு."

கடைக்காரன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பாய்ந்து வந்து என் முன்னால் கையை நீட்டினான்.

"கைய எடுப்பா," என்று அவனிடம் சொன்னாள் அவள். "முன்னாடி இஸ்தா அவரு மடியில நீதான் வுயுவே. எனக்கே அனுபவம் கீது. பின்னாடி வா."

அவன் பின்னால் போனான். மகன் கடைசிப் படியில் நின்று பார்த்தான். பிறகு அவனும் போய் மூன்றாவது தோளாகக் குனிந்தான். அவள் ஏலோ என்றாள். நான் முன்னால் சாய்ந்தேன். மூன்று பேர் தள்ளியதில் கொஞ்சம் வேகமாகவே எழுந்துவிட்டேன்.

"அண்ணாத்தே, அந்தச் சக்கரத்தைச் சும்மாவே தரேன். போட்டா ஒசரம் ஏறும்," என்றான் கடைக்காரன், மூச்சு வாங்கிக்கொண்டு.

"சக்கரமெல்லாம் வாணாம்," என்றாள் என் மனைவி. "தள்ளும்போது ஓடிப்பூடும்."

நான் லுங்கியை இறுக்கிக்கொண்டு நடந்தேன். பின்னால் அவர்கள் மூவரும் அந்த மரக்கட்டைகளை மறுபடி வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் நாட்டமில்லை. சீக்கிரம் போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தூங்க வேண்டும் என்றிருந்தது.